நம்பத் தெரியாதவன் தன் மச்சானுக்கு எழுதுவது

மச்சான்,

இன்று காலை கரையில் ஒரு புது ஃபைபர் படகுக்குப் பூசை போட்டார்கள். எலுமிச்சம்பழம், மாலை, தேங்காய் எல்லாம் வழக்கம்போல. பூசாரி தட்டில் கற்பூரம் ஏற்றினார். காற்று ஏரியிலிருந்து இந்தப் பக்கம் அடித்துக்கொண்டிருந்ததால் வாசனை நேராக என் முகத்துக்கு வந்தது. நான் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். கூட்டத்தில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்தவன் படகு வாங்கினால் இவனுக்குப் பொறுக்காது என்று நினைத்திருப்பார்கள்.

பாருங்கள், ஆரம்பித்துவிட்டேன். அவர்கள் திரும்பிப் பார்த்தது நான் கண்ணால் கண்டது. என்ன நினைத்தார்கள் என்பது நானாகச் சேர்த்துக்கொண்டது. இரண்டையும் தனித்தனியாகச் சொல்லிப் பழகுங்கள் என்று டாக்டரம்மா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். பழகியும் இருக்கிறேன். ஆனால் சேர்ப்பது முதலில் நடந்துவிடுகிறது, பிரிப்பது பிறகுதான் வருகிறது.

நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. மனதில் ஒன்று உறுத்தினால், ஒன்றும் தெரியாத ஒருவருக்குச் சொல்வதுபோல அதை ஆதியோடு அந்தமாக எழுதிப் பாருங்கள் என்பதும் டாக்டரம்மா சொன்னதுதான். அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையே உங்களுக்குத் திரும்பச் சொல்லப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் நீங்கள் பொறுத்ததில் இது ஒன்றும் பெரியதில்லை.

உங்கள் தங்கையை நான் கட்டியதிலிருந்து நாம் இரண்டு பேரும் ஒரே படகு. ஏரியில் கொம்பு நட்டு, சுற்றி வலை கட்டி, இறால் ஏறி வரும் நேரத்துக்குக் காத்திருக்கும் தொழிலை ஒருவன் தனியாகச் செய்ய முடியாது. ஊரில் என்னோடு படகு ஏற ஆள் கிடைக்காது என்பது எனக்கே தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பங்காளியோடு போனேன். அவன் பாதி மீனைப் படகுக்கு அடியில் ஒளிக்கிறான் என்று சண்டை போட்டேன். அடுத்து ஒருவன். அவன் என்னைப் பற்றி டீக்கடையில் பேசுகிறான் என்று சட்டையைப் பிடித்தேன். அதற்குப் பிறகுதான் நீங்கள் வந்தீர்கள். வேறு யாரும் வரமாட்டார்கள் என்பதால் வந்தீர்கள்.

காலையில் படகில் ஏறியதும் ஃபிளாஸ்கைத் திறந்து, டீயை ஊற்றி, நீங்கள் ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் என்னிடம் நீட்டுவீர்கள். என்ன அவசரமோ இந்த ஆளுக்கு, எனக்குக் கொடுப்பதற்குள் பொறுக்கவில்லை என்று பல வருஷம் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். ஒருநாள் நான் அதைக் கேட்டேவிட்டபோது நீங்கள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தீர்கள்.

"நான் குடிக்காம குடுத்தா நீ மூந்து பாத்துட்டுக் குடிக்கறே மாப்ள. அதுக்குள்ள ஆறிப் போவுது. அதான்."

நான் மோந்து பார்க்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. அன்று வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்ததும் கோபம் வந்தது. என்னை இத்தனை உன்னிப்பாகக் கவனிக்கிறாரே, எதற்கு என்று தோன்றியது.

இன்னொரு முறை நம் வலையில் பெரிய ஓட்டை. பக்கத்து வீட்டுக்காரன் கத்தி போட்டுக் கிழித்துவிட்டான் என்று நான் வலையைத் தூக்கிக்கொண்டு அவன் வாசலுக்குப் போய்விட்டேன். நீங்கள் பின்னாலேயே வந்து வலையைப் பிடுங்கிப் பார்த்தீர்கள். நண்டு கடித்த வலை. ஊரில் நேற்று நடக்கப் பழகிய குழந்தைகூடச் சொல்லிவிடும்.

"நண்டுக்கு உம்மேல இன்னா மாப்ள கோவம்?" என்றீர்கள்.

வாசலில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அந்த வீட்டுக்காரனும் சிரித்துவிட்டான், அதோடு விஷயம் முடிந்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. நீங்களும் அவனும் முன்பே பேசி வைத்துக்கொண்டு இப்படி முடித்தீர்களோ என்று இரண்டு நாள் யோசித்தேன்.

இதையெல்லாம் விளையாட்டுப்போலச் சொல்லலாம். அடுத்ததை அப்படிச் சொல்ல முடியாது.

ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதை நம் குப்பத்தில் சீட்டுப் போட்டுத்தான் எடுப்போம். அதற்குப் பாடு என்று பேர். கல்யாணமான ஒவ்வொருவனுக்கும் ஒரு சீட்டு. முகத்துவாரத்துப் பக்கம் விழுந்தால் அந்த வருஷம் இறால்தான். உள்ளே தள்ளி விழுந்தால் கருவாட்டுக்குப் போகிற பொடி மீன். யாருக்கு எது விழுந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது, அம்மன் கொடுத்தது என்று எடுத்துக்கொண்டு போக வேண்டும். அந்தச் சீட்டை நம்பித்தான் ஊரில் அடிதடி இல்லாமல் எல்லோரும் சோறு தின்கிறோம். அதனால்தான் ஊரில் யார் எதைக் குறை சொன்னாலும் தாங்குவார்கள், சீட்டைக் குறை சொன்னால் தாங்க மாட்டார்கள். குறை சொன்னவன் பேரை அந்த வருஷச் சீட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். இல்லையென்றால் குற்றம் சாட்டப்பட்டவன் அம்மன் முன்னால் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். சத்தியம் செய்த வீட்டில் அடுத்த ஆடித் திருவிழா முடியும்வரை மேளச் சத்தம் கேட்கக் கூடாது.

அந்த ஐப்பசியில் உங்கள் மகள் செல்விக்குத் தை மாதக் கல்யாணம் பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளை லைட்ஹவுஸ் குப்பம். அவளுக்குப் பிடித்த பையன். போன் வந்தால் அவள் வீட்டுக்குப் பின்னால் ஓடுவதை வைத்து ஊரே அவளைக் கேலி செய்துகொண்டிருந்த சமயம்.

சீட்டு எடுப்பதற்கு முந்தின சாயங்காலம் நீங்கள் கோயில் பக்கத்தில் பூசாரியின் தோளில் கை போட்டுக்கொண்டு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் வலைக் கொட்டகையிலிருந்து பார்த்தேன். மறுநாள் காலை ஊர்க் கூட்டத்தில் அதே பூசாரிதான் சொம்பில் கையை விட்டுச் சீட்டு எடுத்தார். உங்களுக்கு முகத்துவாரம். எனக்கு உள்ளே, சேறு.

நான் எழுந்து நின்றேன். "சீட்டுல தில்லுமுல்லு நடந்திருக்கு. எங்க மச்சானும் பூசாரியும் நேத்தே பேசி வெச்சுட்டாங்க" என்றேன்.

ஒரே படகு, ஒரே வலை, கிடைப்பதில் சரிபாதி. உங்களுக்கு நல்ல இடம் விழுந்தால் அதில் பாதி என் வீட்டுக்குத்தான் வரும். இதைப் பின்னால் டாக்டரம்மாவும் கேட்டார். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. நல்ல இடம் விழுந்ததும் என்னைக் கழற்றிவிட்டு வேறு ஆளோடு போவதற்குத்தான் இந்த ஏற்பாடு. அந்த நேரத்தில் அது எனக்குச் சந்தேகமாகத் தெரியவில்லை, மச்சான். பட்டப்பகலில் சூரியனைப் பார்ப்பதுபோலத் தெளிவாக இருந்தது. என்னைப்போல ஆட்களிடம் இதுதான் பிரச்சினை. எங்களுக்குச் சந்தேகமே கிடையாது, எல்லாம் நிச்சயம்.

ஊர்த் தலைவர் என்னைப் பார்க்கவேயில்லை. உங்களிடம்தான் பேசினார்.

"நீ சத்தியம் கித்தியம்னு எதுவும் பண்ண வாணாம்ப்பா. பொண்ணு கல்யாணத்த வெச்சுகினு இன்னாத்துக்கு உனக்கு? இவன் பேரை சீட்டுலேர்ந்து தூக்கிடறோம். எப்பப் பாரு இவனோட இதே ரோதனையாப் போச்சு."

"தூக்கிட்டா என் தங்கச்சி இன்னா துன்னும்?" என்றீர்கள்.

"அத அவன் யோசிச்சிருக்கணும்."

"அவனுக்கு அது வராது. நான் யோசிக்கறேன்" என்று சொல்லிவிட்டு நீங்கள் சட்டையைக் கழற்றி என் பக்கத்தில் வைத்தீர்கள்.

வேண்டாம் மச்சான் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். கூட்டம் கலைந்திருக்கும். செல்வி நினைத்த வீட்டுக்குப் போயிருப்பாள். நான் சொல்லவில்லை. எழுந்து முன்னால் போய், நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டேன். உங்கள் கை ஈரமாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக.

கற்பூரம் பெரிய கட்டி. நீங்கள் அதைத் தட்டிவிட்டுச் சட்டென்று கையை எடுக்கவில்லை. உள்ளங்கையை அதன் மேல் வைத்து அப்படியே அழுத்தினீர்கள். "சீட்டுல நான் ஒண்ணும் பண்ணல, தாயே" என்றீர்கள். நெருப்பு அணைந்து புகை வந்தது. உங்கள் தங்கை கத்திக்கொண்டு ஓடி வந்தாள். முறைப்படி நான் உங்கள் காலில் விழுந்தேன். நீங்கள் மற்றக் கையால் என்னைத் தூக்கினீர்கள்.

"எழுந்துரு மாப்ள. எறும்பு கடிக்கும்."

மறுநாள் காலையிலும் நீங்கள் படகுக்கு வந்தீர்கள். வலது கையில் மஞ்சள் அப்பி வேட்டிக் கிழிசல் சுற்றியிருந்தது. ஒரு கையாலேயே வலை இழுத்தீர்கள். பூசாரியிடம் என்ன பேசினீர்கள் என்று அப்போதுதான் கேட்டேன். அவருக்கு மூட்டு வலி, எளாவூரில் ஒரு கடையில் தைலம் கிடைக்கும், வாங்கி வரவா என்று கேட்டதாகச் சொன்னீர்கள். நான் தலையை ஆட்டினேன். தைலத்துக்கு இவ்வளவு நேரமா என்று உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. கையில் சுற்றியிருந்த துணியையும் நம்பவில்லை. ஈரக் கையால் அணைத்துவிட்டு ஊருக்குக் காட்டக் கட்டு போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். எல்லோரையும்விட அருகில் நின்று, கை காய்ந்திருந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். எழுதவே கூசுகிறது. ஆனால் நடந்தது அதுதான்.

பத்து நாளில் லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து ஆள் வந்தது. சத்தியம் ஏறின வீட்டில் பெண் எடுப்பதற்குப் பையனின் அம்மாவுக்குப் பயமாக இருக்கிறதாம். ஆடி வரை காத்திருக்கவும் முடியாதாம். தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். செல்வி எப்போதும் என் வீட்டு வாசல் வழியாகத்தான் தண்ணீருக்குப் போவாள். அன்றிலிருந்து சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தாள். உங்கள் தங்கை கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனாள். பிறந்த வீடு அடுத்த தெரு என்பதால் சோறு மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு அவளும் வந்தாள்.

அதற்குப் பிறகும் நீங்கள்தான் வந்தீர்கள். தாலுகா ஆஸ்பத்திரிக்கு வாரத்தில் ஒருநாள் மனசுக்குப் பார்க்கிற டாக்டர் வருகிறார் என்று ஊர் நர்சம்மா சொல்லியிருந்தார். வேறு யாராக இருந்தாலும் வயிற்றுவலிக்கு மருந்து வாங்க என்று ஏதாவது பொய் சொல்லித்தான் என்னைக் கூட்டிப் போயிருப்பார்கள். நீங்கள் நேராகச் சொன்னீர்கள்.

"உன்னை மண்டைக்குப் பாக்கற டாக்டராண்ட இட்டுகினு போறேன் மாப்ள. பொய் சொல்லி இட்டுகினு போனா அப்பறம் ஜென்மத்துக்கும் நீ என்னை நம்ப மாட்டே."

"இப்ப மட்டும் நம்பறனா?"

"இல்லதான். இருந்தாலும் நாளைக்கு நம்பறதுக்கு ஒரு வழி வெச்சுக்கணும் இல்ல" என்றீர்கள். பஸ்ஸில் ஜன்னல் பக்கத்து இருக்கையை எனக்கு விட்டீர்கள்.

டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். அவர் கேட்ட முதல் கேள்வியே, சின்ன வயதில் உங்கள் வீடு எப்படி இருந்தது என்பது. என் நைனாவைப் பற்றிச் சொன்னேன். வாசலில் யார் வந்து நின்றாலும், வா என்று சொல்வதற்கு முன்னால் உள்ளே திரும்பி, "இன்னாத்துக்கு வந்திருக்கான்னு பாரு" என்பார். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவரையும் அப்படித்தான். அவர் வலையைத் தன் தம்பியைக்கூடத் தொட விடமாட்டார். அது எனக்கு ஒரு குறையாகவே பட்டதில்லை. கெட்டிக்காரன் என்றால் அப்படித்தான் இருப்பான் என்று நினைத்து வளர்ந்தேன்.

இரண்டு மூன்று முறை போன பிறகுதான் அவர் அதன் பேரைச் சொன்னார். ஆளுமைக் கோளாறு. எனக்குச் சுரீரென்றது. "பைத்தியம்னு சொல்றீங்களா?" என்றேன்.

"இல்லைங்க. எல்லாருக்கும் ஒரு சுபாவம் இருக்கு. ஒருத்தர் கூச்சப்படுவார், ஒருத்தர் எல்லாத்துலயும் கறாரா இருப்பார், ஒருத்தர் எதையும் ரெண்டு தடவை யோசிப்பார். சந்தேகம்கூட எல்லாருக்கும் கொஞ்சம் வேணும். அது இடத்துக்குத் தகுந்த மாதிரி கூடும், குறையும். உங்களோடது குறையவே மாட்டேங்குது. வீட்டுல, படகுல, கோயில்ல, எங்கயும் ஒரே அளவு. அதனால உங்களுக்கும் கஷ்டம், கூட இருக்கறவங்களுக்கும் கஷ்டம். அந்த அளவுக்குப் போனாதான் கோளாறுன்னு சொல்றோம்."

"மாத்திரை குடுங்க."

"இது ஜுரம் மாதிரி நடுவுல வந்தது இல்லை. சின்ன வயசுலேர்ந்து நீங்க உலகத்தைப் பாத்துப் பழகின விதம். மாத்திரையில போகாது. பேசிப் பேசித்தான் கொஞ்சம் தளரும். வருஷக்கணக்கா ஆகும்."

வெளியே வந்ததும் நான் உங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "அந்தம்மாகிட்ட நீங்கதானே முன்னாடியே எல்லாத்தையும் சொல்லி வெச்சீங்க?" என்பது. நீங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்று இருமும்வரை சிரித்தீர்கள். பீடிக்காரர் சிரித்தால் அப்படித்தான் முடியும்.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை போனோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து ஊரில் உள்ள ஒவ்வொருவருக்கும் என்ன சுபாவம் என்று நாமே வைத்தியம் பார்ப்போம். டீக்கடைக்காரருக்குத் தன்னை நாலு பேர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், பார்க்காவிட்டால் கிளாஸை உடைப்பார். என் அண்ணிக்குக் குழம்பில் உப்பு போடுவதற்குக்கூட இன்னொருவரிடம் கேட்க வேண்டும். தலைவருக்கு எல்லாம் வரிசையில் இருக்க வேண்டும், கருவாடு காய்வதுகூட. ஒவ்வொருவரையும் சொல்லிச் சிரிப்போம். "கோணல் இல்லாதவன் எவன் இருக்கான் மாப்ள? உன் கோணல் கொஞ்சம் குத்துது, அவ்ளோதான்" என்பீர்கள்.

உங்கள் சுபாவம் என்ன என்று ஒருநாள் டாக்டரம்மாவிடமே கேட்டேன். "உங்க மச்சானுக்கு யாரையும் இல்லைன்னு சொல்ல முடியாது. அதுக்கும் ஒரு விலை இருக்கும், பாத்துக்கோங்க" என்றார். நீங்கள் அதற்கும் சிரித்தீர்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அந்த விலையைக் கொடுத்தவள் உங்கள் பெண் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். நான் படகில் செல்வி பேரை எடுத்த நாட்களில் நீங்கள் பேச்சைக் காற்றின் பக்கம் திருப்பிவிடுவீர்கள்.

அதன் பிறகு எனக்குச் சந்தேகம் வந்தால் உங்களிடம் சொல்லிவிடுவேன். "மச்சான், மீன் நிறுக்கற தராசுக்காரன் உங்களைப் பாத்துக் கண்ணடிச்ச மாதிரி இருந்துச்சு" என்பேன். "கண்ணால பாத்தியா, மனசால பாத்தியா?" என்று கேட்பீர்கள். யோசித்து, மனசால் என்பேன். "சரி, வலையப் புடி" என்பீர்கள். டாக்டரம்மா நீட்டி முழக்கிச் சொன்னது உங்கள் வாயில் ஒரு வரியாகிவிட்டது. அப்படியே வருஷங்கள் ஓடின. என்னோடு ஊரில் இரண்டு மூன்று பேர் பேசக்கூட ஆரம்பித்தார்கள். செல்விக்கு எளாவூரில் கல்யாணம் ஆனது. பஞ்சர் கடை வைத்திருக்கிற நல்ல பையன். கல்யாணத்தில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

பிறகு உங்கள் சிறுநீரகம் கெட்டது. மெட்ராசுக்கும் ஊருக்குமாக அலைந்து, போதும் என்று நீங்களே சொல்லிப் படுத்துவிட்டீர்கள். செல்வி வந்து தங்கிப் பார்த்துக்கொண்டாள். அவள் உள்ளே இருந்தால் நான் வெளியே நிற்பேன். அவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்து உள்ளே வருவேன். நீங்கள் பாயில் கிடந்தபடி, "இன்னா மாப்ள, பூனை மாதிரி வர்றே" என்பீர்கள்.

உங்களைக் குளிப்பாட்டியபோது வலது பக்கம் நான் நின்றேன். தங்கை புருஷன் என்ற முறையில் கையைப் பிடிக்கச் சொன்னார்கள். விரல்கள் மடங்கியிருந்தன. நான் ஒவ்வொன்றாக விரித்தேன். சுற்றிலும் அழுகை, தண்ணீர் ஊற்றுகிற சத்தம். நான் உள்ளங்கையை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பார்த்தேன். இத்தனை வருஷம் ஒரே படகில் இருந்தும் அதை நேராகப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. நடுவில் வட்டமாகத் தோல் வழுவழுவென்று இருந்தது. ரேகை இல்லை. தழும்புதான். அதைப் பார்த்துக்கொண்டே, வலை இழுத்துக் காய்த்துப்போனதாகவும் இருக்கலாமே என்று என் மனம் சொன்னது. நீங்கள் செத்துக் கிடக்கிறீர்கள், நான் உங்கள் கையை வைத்து விசாரணை நடத்திக்கொண்டிருக்கிறேன்.

அப்போது ஒரு கை என் தோளில் விழுந்தது. செல்வி. "மாமா" என்று என்மேல் சாய்ந்து அழுதாள். அந்தச் சத்தியத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் வார்த்தை. சுற்றி இருந்த பெண்கள், மச்சான் கையை விடமாட்டேன் என்கிறானே என்று சொல்லி இன்னும் அழுதார்கள். நான் உங்கள் விரல்களைப் பழையபடி மடக்கி வைத்தேன்.

அதற்குப் பிறகு செல்வி மாறிவிட்டாள். ஊருக்கு வந்தால் முதலில் என் வீட்டுக்குத்தான் வருகிறாள். பேரப்பிள்ளைகளை என் மடியில் போட்டுவிட்டு அத்தையோடு பேசப் போய்விடுகிறாள். போன் செய்கிறாள். அவள் என்மேல் காட்டிய ஒவ்வொரு பிரியமும் என்னைத் தின்றது. பாசத்தில் கையைப் பிடித்திருந்தேன் என்று நினைத்துத்தானே இதெல்லாம். கள்ளத்தராசில் எடை போட்டு வாங்கியதுபோல இருந்தது. மன்னிப்பு கிடைக்காததைவிட, தப்பாகக் கிடைத்தது பெரிய அவமானம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

போன மாதம் எளாவூருக்குப் போனேன். அவள் வீட்டுப் பின்னால் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரில் குந்தினேன். சொல்லிவிட்டால் இந்த வாசலும் போகும் என்று தெரியும். சொன்னேன்.

"செல்வி, அன்னிக்கு நான் உங்க நைனா கையப் புடிச்சிகினு இருந்தது பாசத்துல இல்லம்மா. தழும்பு இருக்குதான்னு பாத்தேன்."

அவள் நிமிரவில்லை. "தெரியும் மாமா" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"நைனா படுத்துகினு இருந்தப்பவே சொல்லிச்சு. 'நான் செத்தா உங்க மாமன் என் கைய விரிச்சுப் பாக்காம இருக்க மாட்டான். பாத்தா கோச்சுக்காதே. யாரும் தடுக்காம நீ பக்கத்துல நில்லு. அவன் பாத்துக்கட்டும், பாவம்'னு சொல்லிச்சு."

"அப்போ ஏன் அன்னிக்கு எம்மேல சாஞ்சு அழுதே?" என்றேன்.

"நைனா சொன்னது அப்படியே நடந்துச்சே. அதான்" என்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் இறாலை எடுத்தாள்.

நான் அங்கேயே அழுதேன், மச்சான். பஞ்சர் கடையில் நின்றிருந்தவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு அழுதேன். கடைசி நாட்களில், மூச்சு விடவே சிரமப்பட்ட நேரத்தில், நான் செய்யப்போகிற கேவலத்தை முன்கூட்டியே தெரிந்துகொண்டு அதற்கும் எனக்கு ஓர் ஆளை நிற்க வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். யாரும் என்னைப் பிடித்துவிடாதபடி காவல்.

இதோடு முடித்துவிடத்தான் ஆசை. ஆனால் உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது? திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டது. நீங்கள் நிஜமாகவே அப்படிச் சொன்னீர்களா? அல்லது கிழவன் குந்திக்கொண்டு அழப் போகிறானே என்று அவளே அந்த நேரத்தில் கட்டிச் சொன்னாளா? அவளுக்கும் உங்கள் சுபாவம், யாரையும் நோகவிட மாட்டாள். இறாலிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாளே, ஏன்?

அவளிடம் கேட்டால் பதில் சொல்லிவிடுவாள். நம்பாவிட்டால் சத்தியம்கூடச் செய்வாள், உங்கள் பெண்தானே.

நேற்றும் போன் செய்தாள். பிள்ளைகளைப் பற்றி, மழையைப் பற்றி, அத்தையின் காலைப் பற்றிப் பேசினாள். அதைக் கேட்டுவிடலாம் என்று போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"சாப்டியா மாமா?" என்றாள்.

"சாப்ட்டேம்மா" என்றேன்.